நான் பிடுங்கிப் போட்ட நான்கு குச்சிகள்

என் ஸ்கூட்டர் நிற்கும் கொட்டகையின் மூலையில் ஒரு மண்வெட்டி சாத்தியிருக்கிறது. இலை தேய்ந்து பாதியாகிவிட்டது. காம்பில் கை படும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். வங்கியில் குமாஸ்தா வேலை பார்ப்பவளுக்கு மண்வெட்டி எதற்கு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். லஸ்கர் அண்ணனுடையது என்பேன். போன ஞாயிறு வரை அதற்கு மேல் சொன்னதில்லை.

மதகுகளைத் திறந்து மூடி, முறை வைத்து வாய்க்கால்களுக்குத் தண்ணீர் விடும் ஆளை எங்கள் பக்கம் லஸ்கர் என்போம். அந்த வேலையை முப்பது வருடம் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். நானோ டாக்டர் மிரட்டியதால் நடக்க ஆரம்பித்தவள். மன்னார்குடியில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்த எங்கள் பத்துப் பேர் கூட்டம், நாளடைவில் ஞாயிறுதோறும் வேன் பிடித்துக் கடலோரக் காட்டுக்குப் போய் நடக்கிற கூட்டமானது. லஸ்கர் அண்ணன் எல்லோருக்கும் முன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்னும் வாய்க்கால் கரையில் போகிறவர் மாதிரியே நடப்பார்.

ஒரு கோடையில் அந்தக் காடு எரிந்தது. காய்ந்த புல்லில் பிடித்த தீ, பாலை மரங்களை அடிவரை கருக்கிவிட்டது. அணைக்க வந்த வண்டிகளும் டிராக்டர்களும் ஓடி ஓடி, நாங்கள் நடந்த பாதை நீளப் பள்ளமாகிக் கிடந்தது. மழைக்குள் சீர் செய்யாவிட்டால் பாதையை மூடிவிடுவோம் என்றார் வனக்காவலர். நாங்கள் செய்கிறோம் என்று முதலில் சொன்னவள் நான். அதனால் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

ஐந்து மாத ஞாயிறுகள். கரிந்த மரங்களை இழுத்துப் போட்டோம், மண் சுமந்து கொட்டினோம். மூக்கைச் சிந்தினால் கரி வரும். திங்கட்கிழமை கவுண்டரில் உட்கார்ந்தால் விரல்கள் மடங்காது. ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு முதுகுவலி என்று பத்துப் பேர் நாலு பேரானோம். லஸ்கர் அண்ணன் மட்டும் ஒரு வாரமும் தவறவில்லை. வயல் வரப்பு போடுவது போலவே மண்ணை வெட்டி வைத்து, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டித் தட்டிப் பாதையை உயர்த்திக்கொண்டு போனார். மற்ற இருவருக்கும் வரப்பு என்றால் கை தானாக ஓடும். பாதை கிடுகிடுவென்று வளர்ந்தது.

ஒரு நாள் பாதையில் நான்கு இடங்களில் குச்சி நட்டு வைத்திருந்தார்.

“இந்த நாலு எடத்துல மடை விட்டுடுவோம் மேடம். தண்ணி மேற்கேருந்து வருது, கடலுக்குப் போவணும்ல.”

“மடை விட்டா எப்படிண்ணே தாண்டுறது? பலகை போட எத்தனை மனு எழுதறது? வர்றவங்க ஷூ போட்டுக்கிட்டு வருவாங்க.”

அவர் மேற்கே பார்த்தார். “நீங்க சொன்னா சரிங்க” என்றார். நான் நடந்துபோய் நான்கு குச்சிகளையும் பிடுங்கிப் போட்டேன். எனக்கு அன்று அலுப்பு. எப்படியாவது முடித்துத் தொலைத்தால் போதும் என்றிருந்தது. வேறு காரணமே கிடையாது.

ஐப்பசியில் மழை பிடித்தது. பாதை அசையவில்லை, அதுதான் வினை. பாதைக்கு மேற்கே முழங்கால் அளவு தண்ணீர் வடிய வழியில்லாமல் பத்து நாள் நின்றது. தீக்குப் பிறகு அடிமரத்தில் விட்டிருந்த துளிர்களெல்லாம் அழுகிக் கறுத்தன. கிழக்கே அதே மாதிரித் துளிர்கள் பச்சையாக நின்றன. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வனக்காவலர் என்னைத்தான் பார்த்தார்.

“என் மறதிதாங்க. மடை விட மறந்துட்டேன்” என்றார் லஸ்கர் அண்ணன். பிறகு தண்ணீரில் இறங்கி, தான் தட்டித் தட்டி வைத்த கரையைத் தானே வெட்டினார். குச்சி எதுவும் இல்லை. ஆனாலும் அதே நான்கு இடங்கள். நான் வாய் திறக்கவில்லை. வேனில் ஏறும்போது மெதுவாகச் சொன்னார்: “வுடுங்க மேடம். அடுத்த வாரமும் இவங்கள நீங்கதானே கூப்புடணும். நான் சும்மா கெடக்கறவன்தானே.”

அது எங்கள் கூட்டத்தில் கேலிக் கதையாகிவிட்டது. ஊருக்கெல்லாம் தண்ணீர் விட்டவருக்கு மடை மறந்துபோன கதை. அவரும் சேர்ந்து சிரிப்பார். போன வருடம் அவர் இறந்தபோது, சாவு வீட்டுப் பந்தலிலும் பிரியமாக அதையே சொன்னார்கள். அப்போதும் நான் பேசாமல் இருந்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. பதினாறாம் நாள் அவர் மனைவி இந்த மண்வெட்டியைக் கொண்டுவந்து, “காட்டுக்குத்தான் எடுத்துட்டுப் போவாரு, நீங்க வச்சுக்குங்க” என்று கொடுத்தார்.

இப்போது மடைகளின் மேல் பனஞ்சட்டம் போட்டிருக்கிறது. நான் மனு எழுதி வாங்கியதுதான், மூன்றே வாரத்தில் கிடைத்தது. மழைக்கு முன் தூர் எடுக்க இரண்டு மூன்று பேர் போவோம். மேற்கே பாதி இடம் இன்னும் வெட்டவெளி. போன ஞாயிறு, புதிதாக வந்த பள்ளி ஆசிரியை ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “இதுதானா மேடம், லஸ்கர் மறந்த மடை?”

“அவர் மறக்கல. குச்சி நட்டு வச்சுக் கேட்டாரு. நான்தான் பிடுங்கிப் போட்டேன்.”

ஆசிரியை குனிந்து மண்ணை அள்ளினார். நானும் அள்ளினேன்.

வீட்டுக்கு வந்து மண்வெட்டியைக் கழுவி மூலையில் சாத்தும்போது, பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, யாருடையது என்று கேட்டார். நிற்க முடியாமல் கால் வலித்தது. ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு முழுவதும் சொன்னேன்.