வள்ளிக்கண்ணு மூடாத குழாய்

துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தென்னூருக்குத் தயிர் கொண்டுபோய் விற்கும் வள்ளிக்கண்ணுவுக்கு வாய் நீளம். எண்பத்து நாலில் அவள் தெருவுக்குப் பொதுவாகச் சாண கேஸ் தொட்டி கட்டினார்கள். பதினோரு வீடும் தினம் ஆளுக்கொரு கூடை சாணம் போட வேண்டும். காலை, மாலை இரண்டு வேளையும் வெந்நீருக்கும் சோற்றுக்கும் கேஸ் வரும். வால்வைத் திறக்கும் வீரமலை ஒரு சட்டம் வைத்திருந்தார். வீட்டுக்கு ஒரு பெண் வாசலுக்கு வந்து, அடுப்புக் குழாயை மூடியாச்சு என்று கை தூக்க வேண்டும். பதினோரு கையும் தெரிந்தால்தான் திறப்பார்.

"இது என்ன பள்ளிக்கூடமாண்ணே?" என்று அவள் கேலி செய்யாத நாளில்லை.

மார்கழியில் ஒரு கல்யாண வீட்டுக்குக் காலையிலேயே தயிர் வேண்டியிருந்தது. முதல் நாளே வீரமலையிடம் சொல்லிவிட்டாள். "நாளைக்கு நான் முதல் பஸ்ஸுக்குப் போறேன். என் கைக்குக் காத்திருக்காதீங்க. மூடிட்டுத்தான் போவேன்."

மறுநாள் பஸ் ஒரு டீக்கடை முன் நின்றது. அடுப்பு குப்பென்று பற்றியதைப் பார்த்ததும் அவளுக்குத் தன் வீட்டு அடுப்பு ஞாபகம் வந்தது. நேற்று மாலை குழம்பு பாதியில் இருக்கும்போதே கேஸ் தீர்ந்துபோனது. திட்டிக்கொண்டே சட்டியை விறகடுப்புக்கு மாற்றினாள். குழாயை மூடினாளா? மூடவில்லை.

வீட்டுக்குள் மாமனார். காது மந்தம். கால் போன போக்கில் ரோட்டுக்குப் போய்விடுவார் என்று வெளியே பூட்டிவிட்டு வந்திருந்தாள். கண் விழித்ததும் அவருக்குப் பீடி வேண்டும்.

தயிரைக் கடையிலேயே போட்டுவிட்டு ஓடினாள். மூன்று மைல். ஆறு மணிக்கு வால்வு திறந்துவிடும். பாழாய்ப்போன வாயால் தானே சொல்லித் தொலைத்தாளே! புகை தெரிகிறதா என்று வானத்தையே பார்த்துக்கொண்டு ஓடினாள்.

தெருமுனையில் வசவு காதில் விழுந்தது. பத்து வீட்டுப் பெண்களும் குளிரில் நடுங்கியபடி வால்வைச் சுற்றி நின்றார்கள். வெந்நீர் இல்லை, சோறு இல்லை. மணி ஏழாகப் போகிறது.

"நான்தான் சொன்னேனேண்ணே..." அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நீ வாயால சொன்னே. எனக்குக் கை தெரியணும்மா" என்றார் வீரமலை.

பூட்டைத் திறந்து உள்ளே போனாள். குழாய் திறந்தேதான் கிடந்தது. கட்டிலில் மாமனார் அணைந்த பீடியும் தீப்பெட்டியுமாக உட்கார்ந்திருந்தார்.

"வெந்நீர் இன்னும் ஆகலையா?"

குழாயை இறுக்கி மூடிவிட்டு வாசலுக்கு வந்தாள். வசவு நின்றபாடில்லை. ஒரு கை போதும். வள்ளிக்கண்ணு இரண்டு கையையும் தூக்கினாள்.