ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு

அக்கா பொறியியல் கல்லூரிக்குப் போன முதல் நாள், வரைபடத் தாள்களைச் சுருட்டி வைக்கும் கறுப்புக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாவின் ஸ்கூட்டரில் ஏறினாள். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. துப்பாக்கி தூக்கிக்கொண்டு எல்லைக்குப் போகிறவள் மாதிரி போனாள் என்று அம்மா வெகுநாள் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஆசைப்பட்ட படிப்பில் அது பாதிதான் என்று வீட்டில் எனக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

அவள் கேட்டது பொறியியலும் வணிகவியலும் சேர்ந்த ஒரே பட்டம். வெளிமாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் அப்படி ஐந்து வருஷப் படிப்பு இருப்பதாகப் பத்திரிகை விளம்பரத்தில் பார்த்திருந்தாள். தட்டாஞ்சாவடியில் அப்பாவுக்கு ஒரு சின்னப் பட்டறை. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் தள்ளி பாட்டில் மூடி செய்கிற இடம். மெஷின் அப்பாவின் பேச்சைக் கேட்கும், வியாபாரம் கேட்காது. சரக்கு வாங்குகிறவர்கள் சொல்வதே அவருக்கு விலை. இதையெல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த அக்கா ஒரு நாள் சாப்பாட்டின் நடுவே, “இந்தப் பட்டறைய நான் நடத்தறேம்பா. அதுக்கு ரெண்டும் தெரியணும்” என்றாள். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, “வெளியூர்ல தனியார்ல படிக்க வெக்க என்னால ஆகாதும்மா. இங்க கெடைக்கிற சீட்டுல சேரு” என்று மட்டும் சொன்னார். பெண் பிள்ளை பட்டறை நடத்துவதா என்று அவர் கேட்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவரை மனதில் உயர்த்தி வைத்திருக்கிறேன்.

அக்கா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் என்னைப் பிடித்தாள். நான் அப்போதுதான் பத்தாவது முடித்துவிட்டு எந்த குரூப் எடுப்பது என்று அலைந்துகொண்டிருந்தேன். “நீ காமர்ஸ் எடுடி. நான் மெக்கானிக்கல். ஞாயித்துக்கெழம நான் படிச்சத நான் சொல்றேன், நீ படிச்சத நீ சொல்லு. கடைசில ரெண்டு பேருக்கும் ரெண்டும் வந்துடும்.” எனக்கு என்ன பிடிக்கும் என்றும் கேட்டாள். தாவரவியல் என்றேன். அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்கு விடுமுறை. மெஷின்கள் ஓய்ந்திருக்கும். அப்பா சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அக்கா அச்சைத் திறந்து காட்டி, சூடு எந்த வழியாக வெளியேறுகிறது, மூடி ஏன் ஓரத்தில் சுருங்குகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்வாள். புரியும்வரை விடமாட்டாள். என் முறை வந்தால்தான் சண்டை. “பணம் உள்ள வருது. அத எதுக்குடி டெபிட்னு எழுதறீங்க?” என்பாள். அப்படித்தான் எழுதணும், ஏன் என்று கேட்காதே என்பேன். “ஏன்னு கேக்காம படிக்கறதுக்குப் பேரு படிப்பா?” என்று என் தலையில் தட்டுவாள். அதனால் நான் திங்கட்கிழமை போய் வாத்தியாரைக் கேட்டுவர வேண்டியிருந்தது. என்னை உருப்படியாகப் படிக்கவைத்தது அந்தத் தட்டுதான்.

அவள் மூன்றாம் வருஷம் படிக்கும்போது சம்பந்தம் வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள் வீட்டை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்பார்கள். அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை, பாரிஸ் பக்கத்தில் வேலை. பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்றால் எங்கள் ஊரில் மறுபேச்சு இருக்காது. மாப்பிள்ளையும் நல்லவர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்கா கேட்டது ஒன்றே ஒன்று, கடைசி வருஷத்தை முடித்துவிட்டுப் போகிறேன் என்று. மூன்றாம் வருஷம் முடிந்து, கல்யாணத்தைப் பதிவு செய்த கையோடு அம்மா, “இன்னிக்கோ நாளைக்கோ விசா வந்துடும். பாதி வருஷத்துல உட்டுட்டு ஓடணுமா? இப்பவே நின்னுடு” என்றாள். எங்கள் ஊரில் இந்தப் பேச்சைக் கேட்காத மணப்பெண் குறைவு. விசா வருவதற்கு முன்பே பெட்டி கட்டிவிடுவார்கள். அக்கா கல்லூரிக்குப் போய் டி.சி. வாங்கிவந்தாள்.

மாப்பிள்ளை முன்னால் போய்விட்டார். விசா வரவில்லை. ஏதோ ஒரு காகிதம் போதாது என்றார்கள், பிறகு இன்னொன்று. திரும்பக் கல்லூரிக்குப் போகட்டுமா என்று அக்கா கேட்டபோதெல்லாம் அம்மாவிடம் ஒரே பதில்தான்: “போன மறுநாளே விசா வந்தா?” அவளோடு படித்தவர்கள் கடைசிப் பரீட்சையை எழுதி முடித்து, வீட்டுக்கு இனிப்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் விசா வந்தது. அந்த வருஷம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் பாடம் சொன்னேன். அவளிடம் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. “நீ சொல்லு, நான் கேக்கறேன்” என்று முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். டெபிட்டைப் பற்றி அவள் சண்டை போடாதது எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

அவள் போன பிறகும் விடவில்லை. ஃபோன் கார்டு வாங்கிவைத்து, என் பி.காம். பாடங்களை மிச்சமில்லாமல் சொல்லி முடித்தேன். இன்று அக்கா அங்கே நம் ஊர்க்காரர் ஒருவரின் கடையில் கணக்கு பார்க்கிறாள். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த கணக்கு. அப்பா காலமான பிறகு பட்டறை என் கைக்கு வந்தது. சூடு, அழுத்தம், அச்சு எதிலும் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. வருகிற இன்ஜினியர்கள் நான் எந்தக் கல்லூரி என்று கேட்பார்கள்.

போன வருஷம் கம்ப்யூட்டரில் ஓடும் புது மெஷின் ஒன்று வாங்கினேன். அவசர ஆர்டருக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஓட்டியபோது பாதியில் நின்றுவிட்டது. திரையில் ஏதேதோ எழுத்து. கம்பெனி ஆள் மறுநாள்தான் வருவேன் என்றான். பழக்கதோஷத்தில் அக்காவைக் கூப்பிட்டு, திரையில் இருந்ததை அப்படியே படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படி என்றாள். படித்தேன்.

“அது நாலாவது வருஷப் பாடம்டி” என்றாள்.