அக்கா தந்த சிறுநீரகமும் அக்காவின் சந்தேகமும்

அக்காவின் முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம். முறைப்படி அக்கா பிறந்த ஊரிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்குகிறேன். அதற்கு முன் ஒன்று. போன வருடம் காரியத்தன்று பந்தியில் சிலர் குசுகுசுவென்று பேசியது என் காதில் விழுந்தது. "ஒரு கிட்னியைத் தம்பிக்குத் தூக்கிக் குடுத்தா. அதான் சீக்கிரமே போய்ச் சேர்ந்துட்டா." பேசியவர்கள் யாரென்று எழுதப்போவதில்லை. இந்த மலர் அவர்கள் கையிலும் இருக்கிறது.

அக்கா பிறந்தது ஜோலார்பேட்டையில். அப்பாவுக்குச் செகந்திராபாத் ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை கிடைத்ததும் குடும்பம் இங்கே வந்தது. நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா காலமானார். அவர் வேலைக்குப் பதிலாக அக்காவுக்குப் பார்சல் ஆபீசில் வேலை கொடுத்தார்கள். கல்லூரிக்குப் போக வேண்டிய பெண் மூட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். அம்மாவைக் கடைசிவரை காப்பாற்றியதும் என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்ததும் அந்தச் சம்பளம்தான்.

பார்சலின் மேல் துணி என்று எழுதியிருந்தால் உள்ளே துணிதான் இருக்கும் என்று அக்கா ஒருநாளும் நம்பியதில்லை. மோந்து பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், கொண்டுவந்தவர் முகத்தை உற்றுப் பார்ப்பார். வீட்டுக்கு வந்தாலும் அதே கண்தான். பால்காரர், கேஸ்காரர், ஒருவரும் தப்பவில்லை. அத்தானின் ஆபீசுக்கே நேரில் போய் நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். அத்தான் இதை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்.

ஹைடெக் சிட்டியில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எனக்கு மென்பொருள் வேலை, குகட்பள்ளியில் வீடு, புதிதாகக் கல்யாணம். அந்த நேரம் பார்த்துக் கால் வீங்கியது, முகம் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன என்றார்கள். டயாலிசிஸ் செய்துகொண்டு கிடந்தேன். சோதித்துப் பார்த்ததில் அக்காவுடையது பொருந்தியது.

"எடுத்துக்கோடா. ஆனா ஒழுங்கா வெச்சுக்கணும்" என்றார், ஏதோ பட்டுப் புடவையை இரவல் கொடுப்பதுபோல்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். சித்தூர்ப் பக்கத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். மாற்றுச் சிறுநீரகம் யாருக்கு நிலைக்கிறது, யாருடைய உடம்பு அதை நிராகரிக்கிறது, ஏன் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பல வருடம் தொடர்ந்து கவனிக்க வேண்டும், உங்களையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று என்னைக் கேட்டார். அக்கா விடுவாரா?

"ஆராய்ச்சின்னா எலிக்குத்தான பண்ணுவாங்க? என் தம்பி என்ன எலியா?"

"புது மருந்து ஒண்ணும் குடுக்கலம்மா. எப்பவும் எடுக்கற ரத்தந்தான். அதைப் பார்த்து எழுதி வெப்போம், அவ்ளோதான். வேத்து ஆளோட உறுப்பு உள்ள வந்தா உடம்பு சந்தேகப்படும், விரட்டப் பார்க்கும். மாத்திரை அந்தச் சந்தேகத்தை அடக்கி வெக்கும்."

"என்னுது எப்படி வேத்து ஆளுது ஆகும்? ஒரே வயித்துல பொறந்தவங்க நாங்க."

"உடம்புக்கு அது தெரியாதும்மா."

"உங்க ஆராய்ச்சிக்காவது தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அக்கா சரியென்று தலையை ஆட்டினார்.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை மாத்திரையை நர்ஸ்கள் பார்த்துக்கொண்டார்கள். நான் குகட்பள்ளிக்குத் திரும்பியதும் அக்கா பொறுப்பேற்றார். கல்யாண வீடுகளில் என் இலையை எட்டிப் பார்ப்பார். தும்முகிறவர் பக்கத்தில் உட்கார விடமாட்டார். தினமும் காலை ஏழு மணிக்கு சைனிக்புரியில் இருந்த அக்கா வீட்டிலிருந்து ஃபோன் வரும். "மாத்திரை போட்டியா? நம்ப மாட்டேன். என் காதுல கேக்கற மாதிரி தண்ணியைக் குடி." நானும் மடக் மடக்கென்று சத்தம் வரக் குடிப்பேன்.

சில மாதங்களில் ரத்தத்தில் மருந்தின் அளவு அதிகமாக இருக்கிறது என்று டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். அடுத்த சோதனையிலும் அதிகம். மறுபடி குறைத்தார். பிறகு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் ரத்தத்தில் ஏற ஆரம்பித்தது. ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்ததில், அக்காவின் சிறுநீரகத்தை என் உடம்பு நிராகரிக்கத் தொடங்கிவிட்டது தெரிந்தது.

அக்காவுக்கு எல்லோர் மேலும் சந்தேகம். முதலில் என் மேல். வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். அடுத்து என் மனைவி. "சாம்பார்ல என்னம்மா போட்டே?" என்று அவர் கேட்ட கேள்விக்கு மனைவி சமையலறையில் நின்று அழுதாள். பிறகு போலி மருந்து விற்றிருப்பான் என்று மருந்துக் கடைக்காரரோடு சண்டை. கடைசியில் டாக்டர்.

"மாத்திரையைக் கொறைச்சது நீங்க. கொறைச்சா என்ன ஆகுதுன்னு பார்க்கத்தான? எங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சீங்களா?"

டாக்டர் கோபப்படவில்லை. அவருக்கும் ஏதோ உறுத்திக்கொண்டுதான் இருந்தது. "கொறைச்ச மாத்திரைக்கு இவ்ளோ அளவு வரக் கூடாதும்மா" என்றவர் என் பக்கம் திரும்பி, "ரத்தம் குடுக்கற அன்னிக்குக் காலைல என்னென்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

அக்கா முந்திக்கொண்டார். "அன்னிக்கும் ஏழு மணிக்கு டாண்ணு மாத்திரை போட்டுடுவான். நான் ஃபோன்ல கேட்டுட்டுத்தான் வெப்பேன்."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். காலை மாத்திரை போடுவதற்கு முன்னால்தான் அந்த ரத்தத்தை எடுக்க வேண்டுமாம். முந்தின இரவு போட்டதில் மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் கணக்கு. போட்ட பிறகு எடுத்தால் அளவு எகிறிக் காட்டும். லேபில் ஒவ்வொரு தடவையும், "காலி பேட் ஹை க்யா?", வெறும் வயிறா என்று கேட்டார்கள், நானும் "ஹவ்", ஆமாம் என்றேன். உண்மைதான், காபிகூடக் குடிக்கவில்லை. மாத்திரையைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"அப்ப என்னாலதானா?" என்றார் அக்கா.

"உங்க தப்பு இல்லம்மா. நாங்க கேட்டிருக்கணும்."

அக்கா இதையும் நம்பவில்லை. ஆட்டோவில் வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தார். அப்பா போனதற்குப் பிறகு அக்கா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு உயிர் போகிற பயத்தைவிட அந்த அழுகைதான் தாங்கவில்லை.

ஊசி மருந்து ஏற்றி, மாத்திரையைக் கூட்டி, என்னைக் காப்பாற்றினார்கள். சிறுநீரகத்தின் பலம் கொஞ்சம் போனது, மீதி நின்றது. அதன்பின் நான் ரத்தம் கொடுக்கப் போகும் நாளெல்லாம் அக்கா லீவு போட்டுவிட்டு வந்து லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். வருகிறவர்களை எல்லாம், மாத்திரை போட்டாச்சா என்று தெலுங்கில், "மாத்ர வேசுகுன்னாரா?" என்பார். பர்தா போட்டவர் என்றால் அதையே உருதுவில், "கோலி காயே க்யா?" இல்லை என்று சொன்னாலும் விடமாட்டார், "நிஜங்கா?", நிஜமாகவா என்று முகத்தையே பார்ப்பார். முதலில் முறைத்தவர்கள் பிறகு அவருக்குப் பழமும் பலகாரமும் கொண்டுவந்தார்கள். டாக்டரும் அந்தக் கேள்வியைத் தன் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார். ரத்தத்தில் மருந்து ஏறிவிட்டது என்று மாத்திரை குறைக்கப்பட்ட இன்னும் சிலருக்கும் இதே கதைதான் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

சில வருடங்கள் கழித்து அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. கண்டுபிடித்தபோதே முற்றிவிட்டிருந்தது. இரவு பகல் பாராமல் பக்கத்தில் இருந்த அத்தானுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்து அம்மாவைத் தூக்கிப் பிடித்த மகளுக்கும், சாப்பாடு கொண்டுவந்த சைனிக்புரி அக்கம்பக்கத்தாருக்கும், தோள் கொடுத்த பார்சல் ஆபீஸ் ஊழியர்களுக்கும், மாஸ்க் கட்டிக்கொண்டு வரிசையாகப் பார்க்க வந்த அந்த லேப் பெஞ்ச் நண்பர்களுக்கும், டாக்டர் அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

கிட்னி கொடுத்ததற்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஆனால் அக்காவிடம் வளர்ந்தவன் நான், சொன்னதும் நம்பிவிடுவேனா? பந்தியில் பேசியவர்களுக்கு வெகு முன்பே அந்தச் சந்தேகம் எனக்கு வந்துவிட்டது. கடைசி வாரத்தில் ஒருநாள் அக்காவிடமே கேட்டேன்.

"எனக்குக் குடுத்ததாலதான் உனக்கு இப்படி ஆச்சாக்கா?"

"ஆமான்னே வெச்சுக்கோ. இப்ப என்ன, திருப்பித் தரப் போறியா?"

"மாட்டேன்" என்றேன்.

அக்கா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார்.