வலப்பக்கம் பார்க்கும் நாய்

பீங்கான் நாய் சேர்க்கிறவனுக்கு மனசு மட்டும் பீங்கானாக இருக்கக் கூடாது. நான் காரைக்காலில் பிரிட்ஜ் மெக்கானிக். ஷோகேஸில் இடம் கிடைக்காத பொம்மைகளெல்லாம் பிரிட்ஜ் மேல்தான் வந்து உட்காரும். வேலை பார்க்கும்போது அவற்றை எடுத்து ஓரமாக வைத்து வைத்து, ஆறு வருஷத்துக்கு முன் இந்தப் பைத்தியம் பிடித்தது. தபால்தலையோ தீப்பெட்டிப் படமோ சேர்த்து வீட்டில் திட்டு வாங்குகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒற்றை

தலத்தெருவில் ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். படுத்த படுக்கையாகக் கிடந்து பிழைத்தவர். அவர் எழுந்து நடந்த அதே மாதம், நன்றாக இருந்த மனைவி திடீரென்று இறந்துபோனார். அதெல்லாம் நடந்து ஒரு வருஷம் கழித்துத்தான் நான் அந்த வீட்டுக்குப் போனேன்.

பிரிட்ஜ் மேல் அரையடி உயரத்தில் ஒரு நாய். வெள்ளை உடம்பு, செம்பழுப்புக் காது, கழுத்தில் பொன்னிறச் சங்கிலி, தலை இடப்பக்கம் திரும்பியிருந்தது. இந்த வகையை ஜோடியாகத்தான் செய்வார்கள். ஒன்று இடப்பக்கம் பார்த்தால் மற்றது வலப்பக்கம் பார்க்கும். மற்றதை மனைவி யாருக்கோ கொடுத்துவிட்டாராம், யாருக்கென்று சொல்லவே இல்லையாம். அதைக் கண்டுபிடிக்காமல் ஓய்வதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். பெரியவர் நாயை எடுத்து என் டூல்ஸ் பைக்குள் வைத்தார். "இதையும் கொண்டுபோயிடுங்க தம்பி. ஒண்டியா ஒக்காந்துக்கிட்டு என்னையே பாக்குது."

புதுசு

காரைக்கால்மேட்டில் ஒரு படகுக்காரர் வீட்டில் படுத்த வாக்கில் ஒரு வேட்டை நாயைப் பார்த்தேன். பளபளப்புக்கு அடியில் முடி போல நெளிநெளியாகக் கீறல் ஓடியிருந்தது. அந்தக் கீறல்தான் அதன் வயசுக்குச் சாட்சி, அழகும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போனால், நாய் நீலமாக இருந்தது. படகுக்கு அடித்தது போக மிச்சமிருந்த பெயிண்ட். கண்ணுக்கு மட்டும் சிவப்பு. அழுகையே வந்தது. அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு பெருமை! "ரொம்பப் பழசா தெரிஞ்சிச்சுண்ணே, உங்களுக்காவதான் ரெண்டு கோட்டிங் அடிச்சு வச்சேன்."

பழைய நாய்

ஒரு நாள் போன். "பழைய நாய் ஒண்ணு இருக்கு, உடனே வந்தா எடுத்துக்கலாம்." பொம்மையைச் சுற்றிக் கொண்டுவர ஒரு போர்வையோடு ஓடினேன். அன்று அந்தப் போர்வையில் வீட்டுக்கு வந்தது உயிருள்ள நாய்.

அந்தக் குடும்பம் மறுநாள் பாரிஸுக்குக் கிளம்புகிறது. கூடமெல்லாம் கட்டிய பெட்டிகள். வீட்டம்மா சங்கிலியோடு அதை இழுத்து வந்து என் கையில் கொடுத்தபோது அது என்னை ஒரு பார்வை பார்த்தது. பதின்மூன்று வருஷம் வளர்த்ததாம். அதை இப்படிக் கொடுக்க முடியுமா? நான் போர்வையை விரிக்காமல் நாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்தம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பழைய நாயா பாத்து சேக்குறீங்கன்னுதானே சொன்னாங்க? இதுக்கு மேல பழசு வேணும்னா எங்கங்க போறது?"

ஜோடி

போன மாதம் விழிதியூரில் ஜெசிந்தா அக்கா வீட்டு பிரிட்ஜ். வேலையை முடித்து நிமிர்ந்தால், சாமி மாடத்தில் ஆரோக்கியநாதர் சுரூபம். நோயாளிகளுக்காக வேண்டிக்கொள்ளும் புனிதர், காலடியில் எப்போதும் நாய் இருக்கும். சுரூபத்தோடு வந்த நாய் எப்போதோ உடைந்துபோய், அந்த இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருந்தது. செம்பழுப்புக் காது. பொன்னிறச் சங்கிலி. தலை வலப்பக்கம். கெஞ்சிப் பார்த்தேன். சாமிக்கு வைத்ததைத் தர முடியாது என்றார் அக்கா. ஜோடியைக் கண்ணால் பார்த்தால் மனசு இளகும் என்று மறுநாள் என்னுடையதைக் கொண்டுபோனேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, புனிதரின் மறுபக்கம் வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. முதல் நாயைக் கொண்டுவந்து வைத்தது தலத்தெரு சொல்தாவின் மனைவி. படுக்கையில் கிடக்கும் கணவர் பிழைத்து எழுந்தால் இரண்டாவதையும் கொண்டுவருவதாக நேர்ந்துகொண்டு போனாராம். அப்புறம் வரவே இல்லை. திருப்பிக் கேட்கலாம் என்று நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அக்கா என் பக்கம் திரும்பினார், கண்ணெல்லாம் தண்ணீர். "அப்ப அவங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு நடக்குறாரா தம்பி?"

"நல்லா நடக்குறாருக்கா" என்று சொல்லிவிட்டு வெறும் பையோடு வந்துவிட்ட என்னிடம், ஆறு வருஷச் சேகரிப்பில் சொல்லிக்கொள்ளும்படி மிஞ்சியது நீலப் பெயிண்ட் அடித்த நாய் ஒன்றும், வேளாவேளைக்குச் சோறு கேட்கிற நாய் ஒன்றும்தான்.