பொக்குக் கடலை

என் வீட்டுக்காரர் இறந்து, காரியம் முடிந்த கையோடு அவருடைய அண்ணன் நிலத்தைப் பிரித்தார். பாலாற்றோரத்து வண்டல் அவருக்கு. மலையடிவாரத்துச் சரளைச் செம்மண் எனக்கு. ஷூ கம்பெனியில் தைக்கப் போகிறவளுக்கு அது போதும் என்று பெரியவர்களிடம் சொன்னாராம். விளையாவிட்டால் நானே அதை அவரிடம் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று நினைப்பு. செத்தாலும் விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

முதல் வருடம் வேர்க்கடலை போட்டேன். பிடுங்கிப் பார்த்தால் முக்கால்வாசி உள்ளே பருப்பில்லாத பொக்கு. அவர் வரப்பில் நின்று ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துச் சிரித்தார். தையல் மெஷின் சத்தத்திலும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது.

மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். புளித்துக் கிடக்கிறது, சுண்ணாம்புச் சத்தே இல்லை என்றார்கள். சம்பளம் வந்ததும் சுண்ணாம்புத் தூள் வாங்கி, கோடை மழைக்கு முன் இறைத்து உழுதேன். தழையுரத்துக்குச் சணப்பு விதைத்து, பூக்கிற நேரத்தில் மடக்கி உழுதேன். எரு கொட்டினேன். ஒவ்வொரு கூடையையும் அவரைத் திட்டிக்கொண்டேதான் கொட்டினேன். அடுத்த பட்டத்தில் காய்க்குக் காய் பருப்பு முட்டிக்கொண்டிருந்தது.

அவருக்குப் பொறுக்கவில்லை. நான் வெள்ளையாக எதையோ இறைத்ததை மட்டும் பார்த்திருக்கிறார். டேனரியில் தோலின் முடியை நீக்க ஊறவைக்கும் குழியிலிருந்து அள்ளிய சுண்ணாம்புச் சேறு சும்மா கிடைக்கிறது என்று டிராக்டரில் ஏற்றி வந்தார். அவருடைய வண்டலுக்குச் சுண்ணாம்பே தேவையில்லை.

"மாமா, தோலெல்லாம் உப்பு போட்டுத்தான் வருது. அந்த உப்பு இதுலயும் இருக்கும்" என்றேன்.

"நீ மட்டும் ஜாஸ்தி வெளச்சல் எடுக்கணும்னு பாக்குறியா?" என்றார்.

இன்னொரு தடவை சொல்ல எனக்கென்ன தலையெழுத்தா?

அவர் நட்ட நெல் நுனி கருகிப் போனது. தண்ணீர் காய்ந்ததும் மண்மேல் உப்பு பூத்தது. என் வயிறு குளிர்ந்தது, மறைப்பானேன்.

பங்குனி வெயிலில் என் கிணற்றடிக்கு வந்து நின்றார். நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தால் உப்பு இறங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருடைய போர்வெல் தண்ணீரே உப்பு.

"ரெண்டு நாளைக்குத் தண்ணி வுடும்மா. இந்தப் போகமும் போச்சுன்னா நிலத்தை வித்துட வேண்டியதுதான்" என்றார்.

கிணற்றில் என் கடலைக்கு வேண்டியது போக நிறையவே கிடந்தது. அவரும் எட்டிப் பார்த்தார். நான் மடையை என் பக்கம் திருப்பிவிட்டு, கைகழுவிக்கொண்டு சொன்னேன்:

"ஐப்பசில மழை வரும் மாமா. இருந்து பாருங்க."