பூசுக்கைத் துவைத்துவிட்டார்கள்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பதினோராவது மாடியில், பகலில் ஆள் இருக்கும் வீடுகள் இரண்டுதான். ஒன்று என்னுடையது. மற்றது எதிர்வீட்டு வசீகரனுடையது. அவர் மனைவி மயூரா மருத்துவமனையில் தாதி. மகள் இனியாவுக்கு மூன்றரை வயது. மகள் பிறந்ததும் கப்பல் நிறுவன வேலையை விட்டுவிட்டு, வீட்டையும் பிள்ளையையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

அவர் மூங்கில் கழியில் துணி காயப்போடுவதைப் பார்க்க வேண்டும். கனமானது நடுவில், லேசானது ஓரத்தில். கப்பலுக்குச் சரக்குக் கணக்குப் போட்ட மூளை அல்லவா?

ஏழாவது மாடி பாக்கியலட்சுமியம்மா மின்தூக்கியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

“இன்னிக்கி லீவா தம்பி?”

“ஆமா ஆன்ட்டி. மூணு வருஷமா லீவுதான்.”

“அடேயப்பா, அப்படி ஒரு கம்பெனியா! எங்க மருமகனுக்கும் சொல்லுங்களேன்.”

வசீகரன் சிரிக்காமல் தலையாட்டுவார். நான்தான் மூலையில் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன்.

மயூராவுக்கு இரவு வேலை வந்தால், பகலில் அவள் தூங்குவதற்கு வீட்டில் சத்தம் இருக்கக் கூடாது. காலையில் வசீகரன் இனியாவை வெளியே கூட்டிப்போய்விடுவார். ஒரு மணிக்குத் திரும்பியதும் இனியா அவளுடைய பூசுக்கைக் கட்டிப்பிடித்துத் தூங்குவாள். பூசுக் என்பது ஒரு சின்னத் தலையணை. ஒரு காலத்தில் மஞ்சள் நிறம். அதைத் துவைக்க அவள் விட்டதே இல்லை. நாற்றத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே அதன் பெயராகிவிட்டது. அது இல்லாவிட்டால் இனியா தூங்க மாட்டாள். இனியா தூங்காவிட்டால் அந்த மாடியில் யாரும் தூங்க முடியாது. தொண்டை அப்படி.

போன மாதம் மேல்வீட்டில் சுவரில் துளைபோட்டதில் மயூரா இரண்டு பகல் கண்மூடவில்லை. மூன்றாவது நாள் ஞாயிறு. துளைபோடும் வேலை கிடையாது. அன்று இரவும் அவளுக்கு வேலை இருந்தது.

“இன்னிக்கி அவ தூங்கியே ஆகணும்க்கா. நேத்து உப்பு டப்பாவ ஃபிரிட்ஜுல வெச்சுட்டு, அதுக்கு குட்நைட் சொல்லிட்டுப் போறா” என்றார் வசீகரன்.

நான் மீன் வாங்கத் தேக்கா சந்தைக்குக் கிளம்பினேன். அவர்களும் கூட வந்தார்கள், இனியாவின் கக்கத்தில் பூசுக். நான் சந்தைப் பக்கம் போனேன். அப்பாவும் மகளும் புரோட்டா சாப்பிட உணவங்காடிப் பக்கம் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒரே ஒரு மேசை காலி. அதைப் பிடித்துவைக்க, எல்லாரையும் போல ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு வரிசைக்குப் போயிருக்கலாம். ஆனால் இருந்த டிஷ்யூவெல்லாம் இனியாவின் மூக்குக்கே போய்விட்டது. மனிதர் பூசுக்கை வைத்துவிட்டுப் போனார்.

கைபேசியை வைத்திருந்தால்கூட அப்படியே இருந்திருக்கும். அழுக்குத் துணியைப் பார்த்தால் மேசை துடைக்கிறவருக்குக் கை சும்மா இருக்குமா?

நான் மீனோடு வந்தபோது வசீகரன் ஒவ்வொரு மேசைக்கும் கீழே குனிந்துகொண்டிருந்தார். இனியா அழ ஆரம்பிக்கவில்லை, மூச்சை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். புரோட்டாக் கடை ஃபஸீலா கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

“தம்பி, இதையா தேடுறீங்க? குப்ப வாளிக்குள்ள போயிடுச்சு, மேல எல்லாம் ஆட்டுக் குழம்பு. பாவம் பிள்ளையோடதுன்னு தட்டு கழுவுற சோப்பு போட்டு நல்லாத் துவைச்சுட்டேன்!”

பூசுக் மஞ்சளாக இருந்தது. எலுமிச்சை மணத்தது. வசீகரனின் முகம் போன போக்கைப் பார்த்து ஃபஸீலா, “நன்றியெல்லாம் எதுக்கு தம்பி” என்றார்.

இனியா வாங்கி முகர்ந்தாள்.

“இது பூசுக் இல்ல. இது தட்டு.”

திரும்பும் ரயிலில் பூசுக் வசீகரனின் சட்டைக்குள் இருந்தது. உடம்புச் சூட்டில் காய்ந்தது, மணம் போகவில்லை. புளோக்குக்கு வந்தபோது மணி ஒன்றேகால். இந்தப் பிள்ளையோடு வீட்டுக்குள் போனால் மயூரா எழுந்துவிடுவாள். நான் என் கதவைத் திறந்துவிட்டேன்.

“பழைய நாத்தம் வரணும்னா வேர்வதான் ஒரே வழி” என்று சொல்லிவிட்டு, தலையணையை மார்பில் கட்டிக்கொண்டு வசீகரன் படியிறங்கிப் போனார். பதினோரு மாடி இறங்கி, பதினோரு மாடி ஏறி வந்து நீட்டினார்.

இனியா நிதானமாக முகர்ந்தாள். “இன்னும் தட்டு.”

மறுபடி போனார். வழியில் பாக்கியலட்சுமியம்மாவின் குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

“என்ன தம்பி, லீவு நாள்ல மாரத்தானா? நெஞ்சுல என்ன அது?”

“தலகாணி ஆன்ட்டி!”

“விழுந்தா அடிபடாதுல்ல, நல்ல ஐடியா லா!”

இரண்டாவது முறை வந்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. அடுப்படி வாசமும் கொஞ்சம் ஏறட்டும் என்று பக்கத்தில் நிற்கச் சொன்னேன். நான் மீன் வறுத்துக்கொண்டிருந்ததை இருவருமே யோசிக்கவில்லை.

இனியா முகர்ந்தாள். மூக்கைச் சுருக்கினாள். “இப்ப தட்டுல மீன்.”

“தாயே, ஒரு கண்ணு மட்டுமாவது மூடிக்கோயேன்” என்று வசீகரன் கும்பிட்டார்.

“நோ.”

மூன்றாவது முறையும் தீர்ப்பு மாறவில்லை. நான்காவது தடவை மூச்சிரைக்க ஏறி வந்தார். கூடத்துப் பாயில் மல்லாந்து விழுந்தார். தலையணையை முகத்துக்கு நேரே ஒருதரம் தூக்கினார். கை அப்படியே சரிந்தது. அடுத்த நிமிடம் குறட்டை.

பிள்ளையின் அழுகைக்கு நான் தயாரானேன். இனியா அப்பாவை எட்டிப் பார்த்தாள். பூசுக்கை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் செருகினாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் வயிற்றில் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள். நான் கரண்டியை வைத்தது கேட்டுத் திரும்பி முறைத்தாள். இரண்டரை மணிநேரம் நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன். அவளும் சின்னக் குரல்கூட எழுப்பவில்லை.

நாலரைக்கு மயூரா என் கதவண்டை வந்து நின்றாள். முகம் தெளிந்திருந்தது.

“அக்கா, எட்டு மணிநேரம்! ஒரு சத்தமில்ல! இவங்க ரெண்டு பேரும் எங்க…”

“அம்மா, டோன்ட் டாக் லா!” என்றாள் இனியா, பல்லைக் கடித்தபடி. “அப்பா தூங்குறாங்க!”

மயூரா வாயைப் பொத்திக்கொண்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.