லண்டன் டப்பா

அறுபத்தெட்டு வயதில் நண்பனை ஏமாற்றியவன் நான். ஆவடியில் எங்கள் மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் நானும், தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த தனபாலும் பைப் புகைத்தபடி ஆங்கிலேயப் புகையிலைக் கலவைகளை ஒப்பிட்டுப் பேசுவோம். ஒருமுறை மகள் லண்டனிலிருந்து கொண்டுவந்த டப்பாவில், விறகுப் புகையில் பதப்படுத்திய லட்டாக்கியா இலை நிறைய இருந்தது. பங்கு கொடுக்க மனம் வரவில்லை. தனபாலின் பைப்பில் பழைய சாதாரணப் புகையிலையையும் என்னுடையதில் புதியதையும் நிரப்பிவிட்டு, இரண்டிலும் லண்டன் சரக்குதான் என்றேன்.

“ஏ ஒன் மாமே! பொண்ணு நல்லாருக்கணும்” என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

காய்ந்த துணியை எடுக்க வந்த கீழ்வீட்டு மல்லிகா மூக்கைப் பொத்தினாள்.

“இன்னா சார், உங்க பைப்புல டயர் எரியற நாத்தம் வருது? அண்ணாத்தேது மட்டும் வைக்கோல் மாதிரி வாசனையா கீது!”

தனபால் என்னைப் பார்த்தான். தலைகுனிந்து உண்மையைச் சொன்னேன். அவன் என் பைப்பை வாங்கி நிதானமாக இழுத்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

“டயரு இன்னா ருசியா கீது மாமே! இதுக்கு நானா இருந்தாலும் பொய் சொல்லியிருப்பேன்.”

மூவரும் சிரித்தோம், எனக்குக் கண்ணும் கலங்கியது. இப்போதெல்லாம் இருவர் பைப்பையும் அவன்தான் நிரப்புகிறான். எனக்கு எதை நிரப்புகிறான் என்று இதுவரை கேட்டதில்லை.